மூடி அக்காவும் மீன்முள் கிண்ணமும்

பழம்பொருள் கடைக்காரர்கள் அவளை ‘மூடி அக்கா’ என்றுதான் சொல்வார்கள். சொந்தப் பெயர் அவர்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளத் தேவையும் வந்ததில்லை. அவள் கைப்பையில் எப்போதும் ஒரு பழைய துண்டு இருக்கும், துண்டுக்குள் ஒரு கண்ணாடி மூடி இருக்கும். கடைக்குள் வந்ததும் மூடியை எடுத்து, அலமாரியில் மீன்முள் கிண்ணம் ஏதாவது இருந்தால் அதன்மேல் வைத்துப் பார்ப்பாள். இப்படித் திருப்புவாள், அப்படித் திருப்புவாள். “இது இல்லை” என்று மறுபடி துண்டில் சுற்றிவிடுவாள். பிறகு இது இல்லை என்று சொன்ன அதே கிண்ணத்தை விலை கேட்டு வாங்கிக்கொண்டும் போவாள். இப்படி ஒரு வாடிக்கை கிடைத்தால் யார் விடுவார்கள்? தூரத்தில் அவள் தலை தெரிந்தாலே தூசி தட்டத் தொடங்கிவிடுவார்கள்.

மீன்முள் என்றால் என்ன என்று கேட்டுவிடாதீர்கள். கேட்டவர்கள் யாரும் சீக்கிரம் வீடு போய்ச் சேர்ந்ததில்லை. சுருக்கமாக நானே சொல்லிவிடுகிறேன். ஆற்றங்கரையில் முன்பு ஒரு கண்ணாடித் தொழிற்சாலை இருந்தது. கிண்ணம், தட்டு, ஜாடி எல்லாம் அச்சில் அழுத்திச் செய்வார்கள். முதலாளி ஒவ்வோர் அச்சுக்கும் ஓர் எண் கொடுத்தார். வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்கும் பெண்களுக்கு எண்ணெல்லாம் வாயில் நுழையவில்லை. அவர்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். தேன்கூடு, மழைத்துளி, சீப்பு, மீன்முள். நடுவில் ஒரு தண்டு, இரண்டு பக்கமும் சாய்ந்த கோடுகள், சாப்பிட்டு முடித்த தட்டில் மிஞ்சிக் கிடக்குமே, அதேதான். உருகிய கண்ணாடியை ஒரு கட்டி வெட்டி இரும்பு அச்சுக்குள் போட்டு, மேலிருந்து உலக்கை போல ஒன்றை இறக்கினால் கிண்ணம் தயார். அச்சு மூன்று துண்டாகத் திறக்கும். அதனால் கிண்ணத்தின் உடம்பில் மூன்று மெல்லிய தையல் கோடுகள் ஓடும்.

தொழிற்சாலை மூடியபோது அச்சுகள் வேறொருவர் கைக்குப் போயின. அவர் அதே மீன்முள்ளை மறுபடி அடித்தார். ஆனால் அச்சு தேய்ந்துபோயிருந்தது. “முதல் கம்பெனி முள்ளு விரல்ல குத்தும். ரெண்டாவது கம்பெனி முள்ளு வழுக்கும்” என்பாள் மூடி அக்கா. கண்ணை மூடிக்கொண்டே விரலால் தடவிச் சொல்லிவிடுவாள், தப்பாது. மூன்றாவதாக ஒரு கம்பெனி அந்த அச்சை வாங்கி நீலம், பச்சை, ஊதா என்று கலர் கலராக அடித்துப் பரிசுப்பொருள் கடைகளுக்கு அனுப்பியது. அவற்றைப் பற்றிப் பேச்செடுத்தாலே அவளுக்கு முகம் கோணும். அவள் அவற்றுக்கு வைத்த பெயர் ‘மிட்டாய்’.

பகலில் அவளுக்கு வேலை ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில். கடைக்குப் பின்னால், ஒரு மேசையும் ஒரு சாணை இயந்திரமும் மட்டுமே கொள்ளும் அறையில் உட்கார்ந்து, வில்லைகளைச் சட்டத்துக்கு ஏற்றபடி தேய்த்துப் பொருத்துவாள். ஒரு மயிரிழை கூடினாலும் வில்லை உட்காராது, குறைந்தாலும் நிற்காது. இந்த வேலையைப் பார்த்தவளுக்கு ‘ஏறக்குறைய சரி’ என்ற வார்த்தையே பிடிக்காமல் போனதில் ஆச்சரியமில்லை. அவளிடம் இருந்த மூடி எந்தக் கிண்ணத்தின்மேலும் ஏறக்குறைய சரியாகத்தான் உட்கார்ந்தது.

வீட்டில் ஓர் அலமாரி முழுக்கக் கிண்ணங்கள். பிறகு இன்னோர் அலமாரி. அவள் கணவர் லிஃப்ட் பழுதுபார்க்கும் மெக்கானிக். பாதியில் நின்றுபோன பெட்டிக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் பொறுமையாகப் பேசிப் பேசி, வீட்டிலும் பொறுமையாகவே பேசப் பழகிவிட்டவர்.

“நம்ம கல்யாணத்துல எல்லாரும் ஜாடிக்கேத்த மூடின்னு வாழ்த்தினாங்க. மூடிக்கேத்த ஜாடியைத் தேடி ஆயுசு பூரா அலையணும்னு ஒருத்தர்கூடச் சொல்லலையே” என்பார்.

“நீங்களா அலையறீங்க? நான்தானே அலையறேன்.”

“நீ அலையறே. நான் அலமாரி அடிக்கறேன்.”

சிரிப்பார்களே தவிர, இருவருக்கும் தெரியும். அவள் தேடுவது கிண்ணத்தை இல்லை. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனவளை.

அவளுக்கு ஒரு தங்கை. அம்மா கல்யாணத்துக்கு முன்னால் அந்தத் தொழிற்சாலையில் அடுக்குகிற வேலை பார்த்தவள். மீன்முள் அச்சு வந்த புதிதில், குமிழி விழுந்ததென்று கழித்துப்போட்ட ஒரு சர்க்கரைக் கிண்ணத்தை மூடியோடு வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அந்த வீட்டில் இருந்த ஒரே அழகான சாமான் அதுதான். பிள்ளைகள் இருவரும் பின்மதியங்களில் அம்மா கண்ணயர்ந்ததும் சர்க்கரை திருடுவார்கள். அக்கா மூடியைத் தூக்குவாள், தங்கை கையை விடுவாள். ஒருநாள் அம்மா இருமுகிற சத்தம் கேட்டு அக்கா படக்கென்று மூடியைப் போட்டாள். தங்கை அவசரத்தில் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்தாள். மூடியின் விளிம்பிலும் கிண்ணத்தின் விளிம்பிலும் ஒரே இடத்தில் அரிசி அளவுக்குச் சில்லுத் தெறித்தது. அம்மா வந்து பார்த்தாள். இரண்டு வாயிலும் சர்க்கரை ஒட்டியிருந்தது. யாரை அடிப்பது என்று தெரியாமல் சிரித்துவிட்டாள்.

“நல்லதாப் போச்சு, ஸ்பூனுக்கு வழி பண்ணிட்டீங்க” என்று, இரண்டு சில்லும் நேருக்கு நேர் வரும்படி மூடியைத் திருப்பி, அந்த ஓட்டையில் ஸ்பூனின் காம்பை வைத்தாள். அன்றிலிருந்து அந்தக் கிண்ணத்துக்கு அதுதான் முறை. மூடியைத் திருப்பித் திருப்பி, சில்லோடு சில்லு சேர்த்தால்தான் ஸ்பூன் நிற்கும்.

அம்மா படுத்த படுக்கையானபோது தங்கைதான் பக்கத்தில் இருந்து பார்த்தாள். அக்கா கல்யாணமாகித் தள்ளி ஓர் ஊரில் இருந்தாள். மாதம் ஒருமுறை வந்துவிட்டுப் போவாள். கடைசியில் எல்லாம் முடிந்து, வாடகை வீட்டைக் காலி செய்ய இருவரும் உட்கார்ந்தார்கள். அக்கா வந்த சூட்டில் இதை அங்கே வை, அதை இவருக்குக் கொடு என்று நாட்டாமை செய்தாள். தங்கை எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தாள். சர்க்கரைக் கிண்ணத்தை அக்கா துண்டில் சுற்றத் தொடங்கியபோதுதான் வெடித்தது.

“அதை வை கீழே. அது எனக்கு.”

“ஏன், நான் அம்மாவுக்குப் பிறக்கலையா?”

“மருந்து குடிக்க மாட்டேன்னு அம்மா அடம்பிடிச்சப்ப நீ எங்கே இருந்தே? கடைசியில வந்து எல்லாத்தையும் மூடிட்டுப் போறதுதானே உன் வேலை. இந்தா, மூடியை நீயே வச்சுக்கோ!”

மூடியை எடுத்து அக்காவின் மடியில் வைத்தாள், கிண்ணத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள். அக்கா அப்போது வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை.

“உனக்குப் போக்கிடம் இல்லாம இருந்தே. அதைப் போய்ச் சேவைன்னு சொல்லிக்காதே.”

கொட்டிய சொல்லை அள்ள முடியுமா? தங்கை வேறோர் ஊரில் மருத்துவமனை ஒன்றில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலை கிடைத்து, சொல்லாமல் கொள்ளாமல் போனாள்.

நாலைந்து மாதம் கழித்து, ஒன்றுவிட்ட சித்தி ஒருத்தி அக்கா வீட்டுக்கு வந்தாள். டீயைக் குடித்துக்கொண்டே, “உன் தங்கச்சி அந்தக் கிண்ணத்தைத் தெருப்பக்கம் ஜன்னல்ல வச்சிருக்கா. உன்கிட்ட மறக்காமச் சொல்லச் சொன்னா” என்றாள்.

“ஓ. எடுத்துட்டுப் போனது பத்தாதுன்னு ஊர் பாக்க வச்சிருக்காளா? எனக்கு எரியணும்னுதானே?”

“எனக்கென்னடி தெரியும். சொல்லச் சொன்னா, சொல்லிட்டேன்.”

தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்கிறவளிடம் சித்தி என்ன பேசுவாள்? டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டாள். வீம்பு இறங்கி அக்கா ஒரு கடிதம் எழுதியபோது, அந்த விலாசத்தில் ஆள் இல்லை என்று திரும்பி வந்தது. சித்தியைக் கேட்கலாம் என்றால் சித்தியும் போய்ச் சேர்ந்திருந்தாள். மருத்துவமனைக்கு எழுதினாள், மாற்றலாகிப் போய்விட்டதாகப் பதில் வந்தது, எங்கே என்று வரவில்லை. கையில் மிஞ்சியது மூடிதான்.

முதல் மீன்முள் கிண்ணத்தை அவள் ஒரு கடையில் பார்த்தாள். ஓடிப்போய் விளிம்பைத் தடவினாள். சில்லு இல்லை. ஆனாலும் அதை அங்கே விட்டுவிட்டு வர மனம் வரவில்லை. அப்படித் தொடங்கியது. எந்தக் கம்பெனி, எந்த அச்சு என்று தெரிந்தால் தேடுவது சுலபம் என்று விசாரிக்கத் தொடங்கி, விசாரித்து விசாரித்து ஊரிலேயே அவளுக்கு மிஞ்சிய ஆள் இல்லை என்றாகிவிட்டது. நூலக மாடியில் பழங்கண்ணாடி சேகரிப்பவர்கள் மாதாமாதம் கூடுவார்கள். அங்கே அவள் வைத்ததுதான் சட்டம். ஒரு கண்காட்சியும் நடத்தினார்கள். எல்லாரும் மேசை நிறையச் சாமான்களைப் பரப்பியபோது, அவள் கறுப்புத் துணி விரித்து நடுவில் மூடியை மட்டும் வைத்தாள். பக்கத்தில் ஓர் அட்டை: ‘இதன் கிண்ணம் தேவை.’ அதைப் பார்த்துவிட்டு வந்தவர்களெல்லாம் கேள்வி கேட்க, அவளும் தொண்டை வறளப் பேசித் தள்ளினாள். எதிரே யார் யார் வந்தார்கள், யார் நின்று பார்த்தார்கள் என்று கவனிக்க அவளுக்கு ஏது நேரம்?

அது முடிந்து சில வாரங்களில், பஸ் நிறுத்தத்துக்கு எதிரே கடை வைத்திருக்கும் பழசுக்காரர் ஆள் அனுப்பினார். ஊரில் எல்லாக் கடைகளிலும் அவருடையதுதான் பெரிது. ஓட்டை ரேடியோ முதல் ஒற்றைச் செருப்பு வரை கிடைக்கும். வேலை விட்டதும் மூடி அக்கா போனாள். உள்ளே இரண்டு மூன்று பேர் நின்றிருந்தார்கள்.

“அக்கா, ஒரு மீன்முள் வந்திருக்கு. அதோ, மேல் தட்டுல.”

அண்ணாந்து பார்த்தாள். வெளிச்சத்துக்கு முன்னால் ஊதா நிறத்தில் ஒரு கிண்ணம்.

“ஊதாவா? மிட்டாயைக் காட்டவா இவ்வளவு தூரம் வரச் சொன்னீங்க?”

“கையில எடுத்துத்தான் பாருங்களேன். ஏணி போடறேன்.”

“ஏணியெல்லாம் எதுக்கு? முதல் கம்பெனி இந்த நிறத்துல ஒரு கிண்ணம்கூட அடிச்சது கிடையாது.”

“வெயில்பட்டு நிறம் மாறும்னு சொல்றாங்களே?”

அவ்வளவுதான், பிரசங்கம் தொடங்கிவிட்டது. ஆற்று மணலில் இரும்பு உண்டு. அதனால் கண்ணாடி பச்சை அடிக்கும். பச்சையைப் போக்க அந்தக் காலத்தில் மாங்கனீஸ் பொடி போடுவார்கள். அழுக்கை எடுக்கிற மாதிரி நிறத்தை எடுப்பதால் வேலைக்காரர்கள் அதைச் ‘சோப்பு’ என்பார்கள். சோப்புப் போட்ட கண்ணாடி வெயிலில் கிடந்தால் ஊதாவாகும், வாஸ்தவம். ஆனால் மீன்முள் அச்சு வருவதற்கு முன்பே சோப்பை நிறுத்திவிட்டுச் செலினியம் என்கிற புது மருந்துக்கு மாறிவிட்டார்கள். புது மருந்து போட்டது வெயிலில் வைக்கோல் நிறத்துக்குத்தான் போகும். ஆகவே இது மூன்றாவது கம்பெனிச் சரக்கு. நின்றிருந்தவர்கள் ஆவென்று கேட்டார்கள். மூடி அக்காவுக்கும் பேசிய களைப்பே தெரியவில்லை.

பழசுக்காரர் மட்டும் ஒரு மாதிரியாக நின்றார். “மூடியையாவது ஒரு தடவை வச்சுப் பாருங்கக்கா” என்றார்.

“என் மூடியை இதுமேல வைக்கறதா? நல்லாச் சொன்னீங்க!”

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே பஸ் ஏறினாள். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கிய யானைக்கு அது உடனே தெரிந்துவிடும். இவளுக்கு அதுகூடத் தெரியவில்லை.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒரு கலவைக்காரரைக் கூட்டிவந்தார்கள். அந்தத் தொழிற்சாலையில் உலைக்கு மணலும் சோடாவும் சுண்ணாம்பும் அளந்து கலந்தவர். தொண்ணூறை நெருங்கும் வயது, காது மந்தம், வாய் மட்டும் குறைவில்லை. தான் இல்லாவிட்டால் அந்தத் தொழிற்சாலையே இல்லை என்ற தோரணையில், பிஸ்கட்டை டீயில் தோய்த்துத் தோய்த்துக் கதை சொன்னார். மீன்முள் அச்சு முதன்முதலில் ஏறிய வருஷம், புது மருந்து வரவேண்டிய கப்பல் வரவே இல்லையாம்.

“உலையை அணைன்னுட்டாரு மேனேஜரு. அணைக்கறதாவது! பின்னாடி குடோன்ல பழைய சோப்பு பீப்பாய் கிடந்துச்சு. அதை அள்ளிப் போட்டு அந்த வருஷத்தையே ஓட்டிட்டோம். அவருக்குத் தெரியவே தெரியாது!”

மூடி அக்கா எழுந்தாள். “ஐயா, மீன்முள் முழுக்கப் புது மருந்துதானே?”

“யாரும்மா சொன்னது?”

“நான்தான் சொல்லிட்டிருக்கேன்.”

சிரிப்பு எழுந்தது. கிழவரும் சேர்ந்து சிரித்தார். “முதல் வருஷத்து மீன்முள்ளை ஜன்னல்ல வச்சுப் பாரும்மா, கத்தரிப்பூ நிறம் வந்துரும். ஆனா சட்டுனு வராது. ஒரு பிள்ளை பொறந்து, வளந்து, அதுக்குக் கல்யாணம் ஆகுற காலம் ஆகும். அதுவரைக்கும் எடுக்காம வைக்க எவனுக்குப் பொறுமை இருக்கு?”

ஜன்னல் என்ற சொல்லைக் கேட்டதும் அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அம்மா அந்தக் கிண்ணத்தைக் கொண்டுவந்தது அச்சு வந்த புதிதில். தங்கை அதை வைத்தது தெருப்பக்கம் ஜன்னலில். வெயிலில் போனால் கறுக்கிற வில்லைகளை நாள்தோறும் கையால் தேய்த்துப் பொருத்துகிறவளுக்கு, வெயிலில் வைத்த கண்ணாடி என்ன ஆகும் என்று யோசிக்கத் தோன்றாமல் போயிற்றே! கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஊரெல்லாம் தேடியவள், தலைக்கு மேலேயே இருந்ததை அண்ணாந்து பார்த்தும் வேண்டாம் என்றாளே!

மறுநாள் காலை வேலைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டு, பழசுக்காரர் கடை திறக்கும்போதே வாசலில் நின்றாள்.

“அந்த ஊதாக் கிண்ணம்?”

“நீங்க மிட்டாய்னு சொன்னப்புறம் அதை யார் வாங்குவா?” என்று கல்லாவுக்குப் பக்கத்தில் கையைக் காட்டினார். கிண்ணம் நிறையத் திருகாணிகளும் பழைய சாவிகளும் கிடந்தன.

அவற்றைக் கொட்டிவிட்டுக் கையில் எடுத்தாள். முள் விரலில் குத்தியது. அடியில் அம்மா காட்டிய குமிழி இருந்தது. விளிம்பில் அரிசி அளவு சில்லு இருந்தது. துண்டைப் பிரித்து மூடியை வைத்துத் திருப்பினாள். சில்லோடு சில்லு சேர்ந்த இடத்தில் மூடி ஆடாமல் உட்கார்ந்தது. துண்டுக்குள்ளேயே இருந்து வெயில் படாத மூடி பச்சைத்தண்ணீர் மாதிரி தெளிந்திருந்தது. கிண்ணம் கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது. அதிலும் ஒரு பக்கம் அடர்ந்தும் மறுபக்கம் வெளுத்தும் இருந்தது. நகர்த்தாமல், திருப்பாமல், ஒரே முகமாக வருஷக்கணக்கில் தெருவைப் பார்த்து வைத்திருந்தால்தான் அப்படி ஆகும்.

எரிச்சல் மூட்டவா ஒருத்தி ஒரு கிண்ணத்தை அத்தனை வருஷம் ஜன்னலில் வைப்பாள்? தேடி வந்தால் வீடு தெரியட்டும் என்று வைத்திருக்கிறாள். அதைச் சித்தியிடம் சொல்லியும் அனுப்பியிருக்கிறாள். மூடி அக்கா கல்லாமேசையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பழசுக்காரர் பதறிப்போய் ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

“இதை யார் கொண்டுவந்து கொடுத்தது?”

அவர் தலையைச் சொறிந்தார். “சொல்லக் கூடாதுன்னாங்க. இனிமே சொன்னா என்ன? உங்க கண்காட்சியைப் பாத்துட்டு ஒரு அம்மா வந்தாங்க. உங்களை மாதிரியே நெத்தி. மூடி வச்சிருக்கறவங்க உங்க கடைக்கு வருவாங்களான்னு கேட்டாங்க. வருவாங்கன்னேன். இதை வச்சுட்டு, ‘சும்மா காட்டுங்க. அவளே தெரிஞ்சுக்கிட்டு எடுத்துக்கிட்டா நான் யாருன்னு சொல்லுங்க. தெரியலைன்னா ஒண்ணும் சொல்ல வேண்டாம்’னாங்க.”

“அப்புறம்?”

“அப்புறம் ஒரு நாள் வந்து கேட்டாங்க. நான் என்னத்தச் சொல்ல? நடந்ததைச் சொன்னேன்.”

“எல்லாத்தையுமா? மூடி வச்சுப் பாக்க மாட்டேன்னு சொன்னதையும்?”

அவர் கொட்டிக்கிடந்த சாவிகளைப் பொறுக்கத் தொடங்கினார். “‘சரி, அவ இன்னும் மாறலை’ன்னாங்க. கிண்ணத்தைக் கூட எடுத்துக்கலை. ‘நீங்களே வச்சுக்கோங்க’ன்னுட்டுப் போயிட்டாங்க.”

“எந்த இடம், எந்தத் தெரு, ஒண்ணும் சொல்லலையா?”

“சொல்லலைக்கா. ஆனா எப்பவாவது எதிர்ல பஸ்ஸுக்கு நிப்பாங்க, பாத்திருக்கேன். இந்தப் பக்கம் திரும்ப மாட்டாங்க.”

இத்தனை வருஷமாக எங்கோ இருக்கிறாள் என்று ஏங்கியது ஒரு வகை. இதே ஊரில், இதே நிறுத்தத்தில் வந்து நிற்கிறாள், தன்னால்தான் முகம் திருப்பிக்கொண்டாள் என்று தெரிந்தபின் ஏங்குவது வேறு வகை. முதலாவதில் தூக்கமாவது வரும்.

கிண்ணத்தை மார்போடு அணைத்துக்கொண்டு மூடி அக்கா எழுந்தாள். வாசல் வரை போனவள் திரும்பி வந்தாள். மூடியைத் துண்டோடு கல்லாமேல் வைத்தாள்.

“இதை உங்க ஜன்னல்ல வைங்க. பஸ் நிறுத்தத்துலேருந்து தெரியற மாதிரி. யார் கேட்டாலும் விலைக்கு இல்லைன்னுடுங்க. அவ வந்தா என் விலாசத்தைக் கொடுங்க. கிண்ணம் அங்கே இருக்கு, மூடியை எடுத்துட்டு வந்து மூடிட்டுப் போகச் சொன்னேன்னு சொல்லுங்க.”

“இப்படியே சொல்லவா?”

“இப்படியே சொல்லுங்க. அவளுக்குப் புரியும்.”

கைப்பையில் மூடி இல்லாமல் அவள் வெளியே வந்தது அன்றுதான். பை லேசாகத் தொங்கியது. வீட்டுக்குப் போனதும் கணவர் கிண்ணத்தை ஒருதரம் பார்த்தார், அவள் முகத்தை ஒருதரம் பார்த்தார். மாடியில் தெருப்பக்க ஜன்னலில் இருந்த செடித்தொட்டிகளை எல்லாம் எடுத்துக் கீழே வைத்தார்.

“சக்கரை போடட்டுமா?”

“போடுங்க. காலியா இருந்தா நல்லா இல்லை.”

அதற்குப் பிறகு அவள் ஒரு கிண்ணமும் வாங்கவில்லை. மாதக் கூட்டத்தில் எழுந்து, மீன்முள் விஷயத்தில் தான் சொன்னது தப்பு என்று எல்லார் முன்னும் சொன்னாள். வேலை விட்டதும் நேரே பஸ் நிறுத்தத்துக்கு வருவாள். எதிரே கடை ஜன்னலில் மூடி மின்னிக்கொண்டிருக்கும். சேகரிக்கிறவர்கள் தேடுகிற சாமான் இருக்கவேண்டுமே என்று வேண்டிக்கொண்டு கடைக்குப் போவார்கள். இவள் ஒருத்திதான் அது இருக்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு போனாள். இருந்தது. தினமும் இருந்தது. பஸ்ஸிலிருந்து இறங்குகிற ஒவ்வொரு தலையையும் பார்ப்பாள். நரைத்த தலைகளில் தங்கையின் தலை எப்படி இருக்கும் என்றே அவளுக்குத் தெரியாது. அவள் நினைவில் இருந்தது இரட்டைப் பின்னல். மழை பெய்த நாட்களில் குடையை விரித்துக்கொண்டு நின்றாள். ‘வீம்பு எனக்கு மட்டும்தானா சொத்து? அவளும் அதே அம்மாவுக்குப் பிறந்தவள்தானே, வரவே மாட்டாள்’ என்று தோன்றும். தோன்றினாலும் மறுநாள் வந்து நிற்பாள்.

ஒரு சாயங்காலம் வந்து பார்த்தபோது ஜன்னலில் மூடி இல்லை.

தெருவைத் தாண்டி ஓடினாள். கடை பூட்டியிருந்தது. பழசுக்காரர் எங்கேயோ சாமான் எடுக்கப் போயிருக்கிறார் என்றார் பக்கத்துக் கடைக்காரர். யார் எடுத்தார்கள், விற்றுவிட்டாரா, உடைந்துபோனதா, ஒன்றும் அவருக்குத் தெரியவில்லை. பஸ்ஸுக்கு நிற்க அவளுக்குப் பொறுக்கவில்லை. நடந்தாள். முழங்கால் வலிப்பவள், பாதி தூரம் ஓடினாள் என்றே சொல்ல வேண்டும்.

தெருமுனையில் திரும்பியதும் மாடி ஜன்னலை அண்ணாந்து பார்த்தாள். சாயங்கால வெயில் நேராக அதில்தான் விழுந்திருந்தது. கிண்ணம் வைத்த இடத்திலேயே இருந்தது, மூடி இல்லாமல். மூடி அக்கா மூச்சு வாங்கிக்கொண்டு தெருவிலேயே நின்றுவிட்டாள்.

அப்போது உள்ளிருந்து ஒரு கை வந்தது. கணவரின் கை இல்லை. மெலிந்த, நரம்பு புடைத்த பெண் கை. அது மூடியைக் கிண்ணத்தின்மேல் வைத்தது. இப்படித் திருப்பியது, அப்படித் திருப்பியது. சரியான இடம் வந்ததும் நின்றது.

கையைத் தொடர்ந்து ஒரு நரைத்த தலை ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மேலே நின்றவளுக்குத்தான் முதலில் வாய் வந்தது.

“அங்கேயே ஏன் நிக்கறே? மாமாவுக்கு ஒண்ணும் தெரியலை. ஸ்பூனை எங்கே வச்சிருக்கே?”

மூடி அக்கா வரேன் என்று கையை மட்டும் காட்டிவிட்டு, படியேறினாள்.